கழித்ததும் கைமாற்றியதும்: ஓபரானும் மிராஜும் – ஓர் ஒப்பாய்வு

2015 மே மாதம் ஒரு ஃப்ளாப்பி டிரைவ், கணினிப் பாதுகாப்பைக் கவனிப்பவர்களின் தூக்கத்தைக் கெடுத்தது. உலோகத்தில் செய்த டிரைவ் அல்ல அது. கெமு என்ற மென்பொருள் தான் உருவாக்கும் மெய்நிகர் கணினிகளுக்காகப் போலியாகச் செய்து வைத்திருந்த டிரைவ். அதன் நிரலில் 2004 முதல் ஒரு பிழை ஒளிந்திருந்தது. மெய்நிகர் கணினிக்குள் முழு அதிகாரம் பெற்ற ஒருவர் அந்தப் பிழை வழியாக வெளியே ஏறி, அதைத் தாங்கும் இயந்திரத்திலும் அங்கே குடியிருக்கும் மற்றவர்களிடமும் கைவைக்க முடியும். இந்தப் பிழைக்கு வெனம் என்று பெயர் வைத்தார்கள். வாடகைக் கணினியில் இணையதளம் நடத்துகிறவர் அதில் ஃப்ளாப்பி போடப் போவதே இல்லை. ஆனாலும் அந்த நிரல் அங்கே இருந்தது, யாரும் எடுக்காததால் இருந்தது.

கணினியின் அடித்தட்டு மென்பொருள் பெருப்பது இப்படித்தான். புதிதாக ஒன்றைச் சேர்க்க எப்போதும் ஆள் உண்டு. பழையதை இறக்கிப்போட ஆள் கிடையாது. எதை எடுத்தால் யாருக்கு எது உடையுமோ என்ற பயத்தில் எல்லாம் பரணிலேயே கிடக்கும்.

இந்தப் பரணை ஒழிக்க ஒரு வழி உண்டு. ஒரு நிரல்மொழியை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் எழுதிய நிரல் ஓட ரன்டைம் என்ற அடித்தளம் வேண்டும். நினைவகத்தை ஒதுக்கித் தருவது, வேண்டாததைத் திரும்பப் பெறுவது, பிழை நேர்ந்தால் பிடிப்பது எல்லாம் அதன் வேலை. இயங்குதளம் செய்வதும் பெரும்பாலும் இதே மாதிரி வேலைகள்தான். ஒரே வேலையை இரண்டு அடுக்குகள் ஏன் செய்ய வேண்டும்? ரன்டைமையே வன்பொருள்மேல் உட்காரவைத்து, மொழிக்குத் தேவையானதை மட்டும் சுற்றிக் கட்டினால் அதுவே இயங்குதளம். 1970களில் எம்.ஐ.டி.யில் பிறந்த லிஸ்ப் இயந்திரங்கள் தொடங்கி இந்த எண்ணம் பலமுறை தலைகாட்டியிருக்கிறது.

அந்த வரிசையில் இரண்டை இங்கே பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். ஒன்று ஓபரான்: ஜூரிக், 1980களின் பிற்பகுதி. மற்றது மிராஜ் ஓஎஸ்: கேம்பிரிட்ஜ், 2010களின் தொடக்கம். இரண்டும் ஒரு மொழியைச் சுற்றிக் கட்டியவை. இரண்டும் மிகச் சிறியவை. ஆனால் சிறியவை ஆன விதத்தில் வேறுபடுகின்றன. ஓபரான் வேலைகளைக் கழித்தது. மிராஜ் பலவற்றைக் கைமாற்றியது. 'மினிமல்' என்று யார் சொன்னாலும், இல்லாமல் போன வேலை ஒழிந்ததா, வேறொருவர் தலையில் ஏறியதா என்று கேட்கவேண்டியிருக்கிறது. அந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டுதான் இந்த இரண்டையும் பார்க்கப் போகிறோம்.

பிறந்த இடம்

பாஸ்கல் மொழியைத் தந்த நிக்லாஸ் விர்த், 1980களின் நடுவில் கலிஃபோர்னியாவின் ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் கொஞ்ச காலம் இருந்தார். அங்கே செடார் என்ற அமைப்பைப் பார்த்தார். சாளரங்கள், தானியங்கி நினைவக மேலாண்மை என்று அந்தக் காலத்துக்கு அசாத்தியமான வசதிகள் அதில் இருந்தன. அதை ஓட்ட டொராடோ என்ற பெரிய இயந்திரமும் வேண்டியிருந்தது. இவ்வளவு சிக்கல் உண்மையில் தேவைதானா என்ற கேள்வியோடு அவர் ஜூரிக் திரும்பினார். சகா யூர்க் குட்க்னெக்டுடன் சேர்ந்து மொழி, கம்பைலர், இயங்குதளம் மூன்றையும் முதலிலிருந்து எழுதத் தொடங்கினார். வாயேஜர் 2 யுரேனஸைக் கடந்து படங்களை அனுப்பிய 1986-இல், அந்தக் கோளின் ஒரு நிலவின் பெயரே திட்டத்தின் பெயரானது. இரண்டு பேர், மூன்று ஆண்டு. அமைப்பு பயன்பாட்டுக்கு வந்துவிட்டது. பல்கலைக்கழகத்திலேயே வடிவமைத்த செரெஸ் என்ற மேசைக் கணினியில் அது ஓடியது. 1992-இல் வந்த 'புராஜெக்ட் ஓபரான்' நூலில் அமைப்பின் மூலநிரலையும் அச்சிட்டு விளக்கினார்கள். ஒரு இயங்குதளத்தை அட்டை முதல் அட்டை வரை வாசிக்கலாம் என்பதே நூலின் வாதம்.

மிராஜின் ஊர் வேறு, காலமும் வேறு. 2003-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்திலிருந்து ஜென் என்ற ஹைப்பர்வைசர் வந்தது. ஒரே இயந்திரத்தைப் பல மெய்நிகர் கணினிகளாகப் பங்கிடும் மென்பொருள் அது. அமேசானின் வாடகைக் கணினிச் சேவை 2006-இல் தொடங்கியதும் அதன்மேல்தான். ஆனால் அப்படி வாடகைக்கு எடுத்த ஒவ்வொரு மெய்நிகர் கணினிக்குள்ளும் முழு லினக்ஸ் உட்கார்ந்திருந்தது. பயனர் கணக்குகள், பிரிண்டர் ஆதரவு, எந்தக் காலத்திலும் மாட்டப்படாத கருவிகளுக்கான டிரைவர்கள் என்று எல்லாம் உள்ளே. வேலையோ ஒன்றே ஒன்று: பெயரைக் கொடுத்தால் முகவரி சொல்லும் டிஎன்எஸ் சர்வர் மாதிரி. அனில் மாதவபெட்டியும் கேம்பிரிட்ஜ் குழுவினரும் இந்த முரணைப் பிடித்துக்கொண்டார்கள். நிரலை ஓகாம்ல் மொழியில் எழுதுவது, அதற்கு வேண்டிய நெட்வொர்க் அடுக்குகளையும் ஓகாம்லிலேயே நூலகங்களாக எழுதுவது, எல்லாவற்றையும் ரன்டைமோடு சேர்த்து ஒரே பிம்பமாகக் கட்டி ஜென்மேல் நேரடியாக ஏற்றுவது. இதற்கு யூனிகெர்னல் என்று 2013-இல் வெளியான அவர்களுடைய ஆய்வுக்கட்டுரை பெயரிட்டது. அந்த முறையில் கட்டிய டிஎன்எஸ் சர்வர் 200 கிலோபைட்டுக்குள் அடங்கியது. அதே வேலைக்கு லினக்ஸோடு சேர்த்துக் கட்டிய பிம்பம் நூற்றுக்கணக்கான மெகாபைட்.

ஓபரான் ஒரு ஆளுக்காகக் கட்டியது. மேசைமுன் உட்கார்ந்து எழுதி, வரைந்து, நிரல் செய்யும் ஒருவர் அதன் மையம். மிராஜ் கட்டிய பிம்பத்தில் ஆளே இல்லை. அதில் யாரும் உள்ளே நுழைந்து உட்கார மாட்டார்கள், நுழையவும் கூடாது. அடுத்து வரும் வேறுபாடுகள் பெரும்பாலும் இந்த ஒன்றிலிருந்து கிளைப்பவை.

சுவர் வேண்டாம் என்ற துணிச்சல்

வழக்கமான இயங்குதளத்தில் ஒவ்வொரு நிரலையும் தனித்தனி முகவரிவெளியில் அடைத்து வைப்பார்கள். கெர்னலுக்கும் நிரலுக்கும் நடுவே வன்பொருள் சுவர் இருக்கும். கோப்பு வேண்டும், நெட்வொர்க் வேண்டும் என்றால் அந்தச் சுவரின் வாசலில் நின்று கேட்கவேண்டும். ஒவ்வொரு முறையும் அதற்கு நேரம் செலவாகும். இவ்வளவு காவல் ஏன் என்றால், சி போன்ற மொழியில் எந்த எண்ணையும் முகவரியாக்கி எந்த இடத்தையும் தொட்டுவிடலாம். யாரையும் நம்ப முடியாத ஊரில் சுவர்தான் பாதுகாப்பு.

ஓபரானும் ஓகாம்லும் அப்படிப்பட்ட மொழிகள் அல்ல. பாயின்டரைப் போலியாகச் செய்ய முடியாது. வரிசையின் எல்லை தாண்டி எட்டிப்பார்த்தால் அங்கேயே பிடிபடும். காவல் வேலையின் பெரும்பகுதியைக் கம்பைலர் முன்கூட்டியே முடித்துவிடுகிறது, மிச்சத்தை ரன்டைம் பார்த்துக்கொள்கிறது. ஆகவே இரண்டு அமைப்புகளிலும் ஒரே முகவரிவெளிதான். ஓபரானில் எடிட்டர் ஒரு கோப்பைத் திறக்கவேண்டுமென்றால் ஃபைல்ஸ் என்ற மாட்யூலின் புரொசீஜரைச் சாதாரணமாக அழைக்கும், அவ்வளவுதான். மிராஜிலும் டிசிபி பாக்கெட் ஒன்று நூலகத்திலிருந்து நூலகத்துக்கு ஃபங்ஷன் அழைப்பாகவே நகரும்.

இதுவரை இரண்டும் ஒரே பாதை. சுவரை இடித்த இடத்தில் என்ன செய்தார்கள் என்பதில்தான் பிரிகிறார்கள்.

ஓபரான் எல்லாவற்றையும் திறந்து போட்டது. எந்த மாட்யூலும் இன்னொன்றை அழைக்கலாம், புதிய மாட்யூலை எப்போது வேண்டுமானாலும் ஏற்றலாம். ஏற்றும்போது, நீ நம்பி எழுதிய மாட்யூலின் வெளிமுகம் இன்னும் அப்படியேதான் இருக்கிறதா என்று ஒரு சாவி எண்ணைக் கொண்டு சரிபார்க்கும். ஆனால் கொண்டுவந்தவர் நல்லவரா என்று கேட்காது. நினைவகத்தை நேரடியாகத் தொடவேண்டிய தருணங்களுக்காக சிஸ்டம் என்ற சிறப்பு மாட்யூல் உண்டு. அதைப் பயன்படுத்தும் நிரல் தன் தலைப்பிலேயே அதை அறிவித்தாக வேண்டும். வாசிப்பவருக்கு அது எச்சரிக்கைப் பலகை. திருடனுக்குப் பூட்டு ஆகாது. ஒற்றை ஆள் பயன்படுத்தும் கணினியில் எதிரி என்று யாரும் இல்லை, தன் கைத்தவறு ஒன்றுதான் எதிரி என்ற கணக்கு அது.

மிராஜுக்கு இணையம் முழுவதும் எதிரி. அதனால் அது உள்சுவரை இடித்துவிட்டு வெளிக்கதவைப் பூசி மெழுகியது. கட்டி முடித்தபின் புது நிரல் எதுவும் உள்ளே வர வழியில்லை. ஏற்றுவதற்கான லோடரே கிடையாது. 2013 கட்டுரையில் அவர்கள் இன்னும் ஒரு படி போனார்கள்: தொடங்கியவுடன் நினைவகப் பக்கங்களில் எழுதக்கூடியவை எவை, இயங்கக்கூடியவை எவை என்று பிரித்து, அந்தப் பிரிவினையை மாற்ற முடியாதபடி முத்திரையிடும்படி ஜென்னிடம் கேட்டுக்கொண்டார்கள்.

இதன் பயனை ஒரு உதாரணத்தில் பார்க்கலாம். 2014 ஏப்ரலில் வெளிவந்த ஹார்ட்பிளீட் பிழை, ஓபன்எஸ்எஸ்எல் என்ற சி நூலகத்தில் இருந்தது. 'நான் அனுப்பியதைத் திருப்பி அனுப்பு, அதன் நீளம் இவ்வளவு' என்று கேட்பவர் நீளத்தைப் பொய்யாகச் சொன்னால், சர்வர் பக்கத்தில் கிடந்த நினைவகத்தையும் அள்ளிக் கொடுத்துவிட்டது. அப்படிக் கொடுத்ததில் ரகசியச் சாவிகளும் இருக்கலாம். ஓகாம்லில் அதே தவறைச் செய்தால் எல்லை மீறல் என்று நிரல் நின்றுவிடும், சாவி வெளியே போகாது. அந்த ஆண்டுதான் ஹன்னஸ் மெனர்ட், டேவிட் கலோப்பர் இருவரும் ஓபன்எஸ்எஸ்எல் செயல்படுத்தும் டிஎல்எஸ் பாதுகாப்பு நெறிமுறையை முழுக்க ஓகாம்லில் எழுதிக்கொண்டிருந்தார்கள். 2015 பிப்ரவரியில் அதை ஒரு யூனிகெர்னலாக்கி, உள்ளே 10 பிட்காயினின் சாவியை வைத்து, உடைப்பவர் எடுத்துக்கொள்ளலாம் என்று இணையத்தில் தொங்கவிட்டார்கள். பிட்காயின் பின்யாட்டா என்று பெயர். மூன்று ஆண்டு தொங்கியது, யாரும் உடைக்கவில்லை. இது நிரூபணம் ஆகிவிடாது. ஆனால் 2017-இன் இறுதியில் ஒரு பிட்காயின் விற்ற விலையை நினைத்துப் பார்த்தால், முயன்றவர்கள் சோம்பேறிகளாக இருந்திருக்க மாட்டார்கள் என்று சொல்லலாம்.

ஒரே வரிசையில் எல்லாரும்

ஓபரானின் நடுவில் ஒரு சுழற்சி ஓடுகிறது. விசை தட்டப்பட்டதா, மவுஸ் நகர்ந்ததா, நெட்வொர்க்கில் ஏதும் வந்ததா என்று மாற்றி மாற்றிப் பார்க்கும். ஏதாவது இருந்தால் அதற்கான கட்டளையை அழைக்கும். கட்டளை முடிந்து திரும்பும்வரை வேறு எதுவும் நடக்காது. ஒரு கட்டளையைப் பாதியில் நிறுத்திவிட்டு இன்னொன்றுக்கு வழிவிடும் ஏற்பாடே கிடையாது.

இது வறுமை போலத் தெரியும். ஆனால் இந்த ஒரு முடிவு எத்தனை வேலைகளைக் கழிக்கிறது என்று குப்பை சேகரிப்பானில் பார்க்கலாம். பயன்பாட்டில் இல்லாத நினைவகத்தை மீட்கவேண்டுமென்றால், எது பயன்பாட்டில் இருக்கிறது என்று முதலில் தெரியவேண்டும். வழக்கமான ரன்டைம்களில் இதன் தலைவலிமிக்க பகுதி ஸ்டாக்: பாதியில் நிற்கும் புரொசீஜர்கள் எந்தெந்தப் பாயின்டர்களைக் கையில் வைத்திருக்கின்றன என்று தேடவேண்டும். ஓபரான் குப்பை சேகரிப்பை இரண்டு கட்டளைகளுக்கு நடுவில் மட்டும் நடத்தியது. அந்த நேரத்தில் பாதியில் நிற்கும் புரொசீஜரே இல்லை, ஸ்டாக்கில் தேட ஒன்றும் இல்லை. மாட்யூல்களின் பொது மாறிகளிலிருந்து கோடு பிடித்துப் போனால் போதும். ஒரு கடினமான பிரச்சினைக்குத் தீர்வு எழுதுவதைவிட, அந்தப் பிரச்சினை எழாத நேரத்தைத் தேர்ந்தெடுத்துக்கொண்டார்கள்.

வட்டிலும் அதே புத்திதான். புதிதாக உருவாக்கிய கோப்பு, பதிவு செய்யும்வரை அடைவில் ஏறாது. பதிவாகாமல் விட்டதும் அழித்ததுமான கோப்புகளின் இடத்தை யாரும் உடனுக்குடன் மீட்கமாட்டார்கள். கணினியை அடுத்தமுறை தொடங்கும்போது, அடைவில் உள்ள கோப்புகளை ஒருமுறை சுற்றிவந்து எந்த இடமெல்லாம் பயன்பாட்டில் என்று குறித்துக்கொள்ளும். மிச்சமெல்லாம் காலி. காலையில் கடை திறக்கும்போது சரக்கை எண்ணிக்கொண்டால், நாள் முழுக்கக் கணக்குப்பிள்ளை வேண்டாம்.

மிராஜும் ஒரே வரிசைதான். எல்டபிள்யூடி என்ற நூலகத்தின் துணையோடு பல இணைப்புகளை மாற்றி மாற்றிக் கவனிக்கும். ஒரு பணி தானாக வழிவிட்டால்தான் அடுத்ததற்கு முறை. வழிவிடாமல் சுற்றிக்கொண்டிருந்தால் மற்றவை காத்துக் கிடக்கும், ஓபரானில் நடப்பதைப் போலவே. ஆனால் குப்பை சேகரிப்பான் ஓகாம்லின் வழக்கமான, நுணுக்கமான ரகம்: புதுப்பொருள்களுக்குச் சின்ன அறை, தப்பிப் பிழைத்தவற்றுக்குப் பெரிய அறை. லினக்ஸ் கீழே இல்லாததால் நினைவகம் முழுவதும் தன்னுடையது என்று எடுத்துக்கொண்டு, பெரிய அறையை 2 மெகாபைட் பக்கங்களாக ஒழுங்காக அடுக்க முடிந்தது.

ஒரே நேரத்தில் இரண்டு வேலை நடக்கவேண்டுமென்றால்? ஓபரானின் பதில்: காத்திரு. மிராஜின் பதில்: இன்னொரு யூனிகெர்னலை எழுப்பு. யாருக்கு எவ்வளவு நேரம், ஒருவர் மற்றவரைத் தொடாமல் பார்ப்பது யார் என்ற கவலையெல்லாம் ஜென்னுடையது. ஓபரான் அந்த வேலையை ஒழித்து, அதன் விலையாகப் பயனரின் பொறுமையை எடுத்துக்கொண்டது. மிராஜ் அதை ஒழிக்கவில்லை, கீழ்வீட்டுக்காரரிடம் கொடுத்தது.

கொடுத்ததிலும் அழகு உண்டு என்பதற்கு 2015-இல் வந்த ஜிட்சு சாட்சி. யாரும் பார்க்காத இணையதளத்துக்கு எதற்காகக் கணினி ஓடவேண்டும்? அந்தத் தளத்தின் பெயரைக் கேட்டு டிஎன்எஸ் கேள்வி வந்தவுடன் ஜிட்சு அதற்குரிய யூனிகெர்னலை எழுப்பத் தொடங்கும். முகவரி பதிலாகப் போய்ச் சேர்ந்து, கேட்டவர் இணைப்புக்கு வருவதற்குள் கடை திறந்துவிடும். தொடங்க நிமிடக்கணக்கில் எடுக்கும் அமைப்பை வைத்துக்கொண்டு இப்படி யோசிக்கவே முடியாது.

அடுப்பங்கரையும் கட்டுச்சோறும்

ஓபரானை இன்றும் எமுலேட்டரில் ஓடவிட்டுப் பார்க்கலாம். ஐகான் கிடையாது, கட்டளை வரி கிடையாது. திரை முழுக்க எழுத்து. அந்த எழுத்தில் எங்கேயாவது 'சிஸ்டம்.டைரக்டரி' என்பது போல மாட்யூல் பெயரும் புரொசீஜர் பெயரும் புள்ளியோடு சேர்ந்து இருந்தால், அதன்மேல் மவுஸின் நடுப்பொத்தானை அழுத்தினால் போதும், ஓடும். அந்தச் சொல்லை நீங்களே இப்போதுதான் தட்டச்சு செய்திருந்தாலும் சரி, யாரோ அனுப்பிய குறிப்பில் இருந்தாலும் சரி. மெனு என்பதே ஒரு சாதாரண உரைக்கோப்பு. திருத்திச் சேமித்தால் உங்கள் மெனு. நிரலைத் திருத்தி, பக்கத்துச் சொல்லை அழுத்திக் கம்பைல் செய்து, பழைய மாட்யூலை இறக்கிவிட்டு மறுபடி அழுத்தினால் புதியது ஓடும். கணினியை நிறுத்தித் தொடங்கவேண்டாம். தவறு நேர்ந்தால் அந்தக் கட்டளை மட்டும் சாகும். எந்தப் புரொசீஜரில், மாறிகள் என்ன மதிப்பில் இருந்தபோது செத்தது என்று ஒரு சாளரத்தில் உரையாகவே எழுதிக் காட்டும். நடுச்சுழற்சி தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும்.

கம்பைலர் உட்பட எல்லாம் உள்ளேயே இருக்கிறது, எல்லாம் அதே மொழியில் இருக்கிறது. ஓபரானைக் கொண்டே ஓபரானைச் செய்யலாம். அடுப்பங்கரையோடு சேர்ந்த வீடு.

மிராஜ் கட்டுச்சோறு. சமையல் வேறிடத்தில்: லினக்ஸோ மேக்கோ ஓடும் ஒரு பெரிய கணினியில் எடிட்டரைத் திறந்து, என்னென்ன வேண்டும் என்று ஓகாம்லிலேயே ஒரு அமைவுக்கோப்பு எழுதுகிறீர்கள். முதலில் யுனிக்ஸ் இலக்கு என்று சொல்லிக் கட்டினால் அது சாதாரண நிரலாக ஓடும், வழக்கமான கருவிகளால் சோதித்துக்கொள்ளலாம். திருப்தி வந்தபின் இலக்கை மட்டும் மாற்றி மறுபடி கட்டினால், அதே நிரலின் அடியில் ஓகாம்லில் எழுதிய நெட்வொர்க் அடுக்குகள் வந்து பொருந்தி, தனித்து எழும்பும் பிம்பமாகிவிடும். இப்படி அடியை மாற்றிப் பொருத்த முடிவது, மாட்யூலையே இன்னொரு மாட்யூலுக்கு உள்ளீடாகத் தரும் ஓகாம்லின் ஃபங்க்டர் வசதியால். இணையதளத்தின் பக்கங்கள்கூடக் கோப்புகளாக இல்லாமல் நிரலின் தரவாகவே கம்பைல் ஆகிவிடலாம். மூட்டை கட்டியபின் உப்புப் போட முடியாது. திருத்தம் என்றால் மறுபடி சமைத்து, மறுபடி கட்டி, பழையதை அணைத்துப் புதியதை எழுப்புவதுதான்.

இந்த இடத்தில்தான் கடுமையான எதிர்ப்பும் வந்தது. 2016 ஜனவரியில் மென்பொருள் பொறியாளர் பிரையன் கான்ட்ரில், யூனிகெர்னல்கள் உற்பத்திச் சூழலுக்கு லாயக்கற்றவை என்று வெளிப்படையாக எழுதினார். அவருடைய முக்கிய வாதம் எளிது: நள்ளிரவில் சர்வர் முடங்கிப்போனால் உள்ளே நுழைந்து பார்க்க எதுவும் இல்லை. ஷெல் இல்லை, என்ன ஓடுகிறது என்று பட்டியலிட ஒரு கட்டளை இல்லை. மிராஜ் பக்கத்தின் பதிலும் எளிது: உங்களுக்கு நுழைய ஷெல் இல்லையென்றால் திருடனுக்கும் இல்லை. இரண்டும் உண்மை. பிழையைக் கண்டுபிடிக்கும் வேலையை மிராஜ், ஓடும் நேரத்திலிருந்து கட்டும் நேரத்துக்குக் கைமாற்றியிருக்கிறது. கட்டும்போதே கண்ணில்படும் பிழைகளுக்கு அது லாபம். நிஜ நெரிசலில் மட்டும் தலைகாட்டும் பிழைகளுக்கு அது நஷ்டம். ஓபரானில் இந்த வழக்கே எழாது. பிழை நேரும்போது அதை எழுதியவரே எதிரில் உட்கார்ந்திருப்பார்.

அடியில் இருப்பது யார்?

ஓபரானின் அடியில் வன்பொருள் மட்டும். ஆனால் அதிலும் ஒரு சிக்கல் வந்தது. செரெஸின் நேஷனல் செமிகண்டக்டர் பிராசஸர் சந்தையிலிருந்து மறைந்துபோனது. நூல் இருந்தது, அதை ஓட்டிப்பார்க்க இயந்திரம் இல்லை. எண்பதை எட்டும் வயதில் விர்த் எடுத்த முடிவு அவருடைய குணத்துக்கு ஏற்றது: பிராசஸரையும் நாமே செய்துகொள்ளலாம். மறுநிரலாக்கம் செய்யக்கூடிய சில்லு ஒன்றில், மாணவர்கள் வாங்கக்கூடிய ஒரு பயிற்சிப் பலகையில், தானே வடிவமைத்த சின்ன பிராசஸரைப் பதித்து 2013-இல் ஓபரானை மறுபடி ஓடவிட்டார். 25 மெகாஹெர்ட்ஸ் வேகம், 1 மெகாபைட் நினைவகம். 1024க்கு 768 புள்ளி கொண்ட கறுப்பு வெள்ளைத் திரைக்கே அதில் 96 கிலோபைட் போய்விடும். மீதியில் எடிட்டர், கம்பைலர், கோப்புகள் எல்லாம் ஓடின. நூலின் புதிய பதிப்பு பிராசஸர் வரை இறங்கி விளக்குகிறது.

மிராஜின் அடியில் கூட்டம் அதிகம். ஓகாம்ல் ரன்டைமே சி மொழியில் எழுதியது. அதன்கீழ் ஜென்னோடு பேசுவதற்கு மினி-ஓஎஸ் என்ற சின்ன சி அடுக்கு. அதன்கீழ் ஜென். ஜென்னுக்குப் பக்கத்தில் நிஜக் கருவிகளை ஓட்டுவதற்காகப் பெரும்பாலும் ஒரு முழு லினக்ஸ். 200 கிலோபைட் என்பது மேலே வைத்த கிண்ணத்தின் எடை. மேசையின் எடை அதில் சேரவில்லை.

முதலில் சொன்ன ஃப்ளாப்பி இங்கே திரும்ப வருகிறது. வெனம் பிழை மிராஜுக்குள் இல்லை. அதில் ஃப்ளாப்பி டிரைவரே கிடையாதே. மிராஜ் ஜென்னில் ஓடிய விதத்துக்கு அந்தப் போலி டிரைவும் தேவைப்படவில்லை. ஆனால் அதே இயந்திரத்தில் குடியிருக்கும் வேறொரு மெய்நிகர் கணினி அதைப் பயன்படுத்தியிருந்து, அதன் வழியாக ஒருவர் கீழே இறங்கிவிட்டால், பக்கத்தில் எவ்வளவு கச்சிதமாகக் கட்டிய யூனிகெர்னல் இருந்தும் பயனில்லை. நம் வீட்டுப் பரணைக் காலிசெய்துவிட்டோம், அடுக்குமாடியின் பொதுப் பரண் அப்படியே இருந்தது.

இது மிராஜ்காரர்களுக்குத் தெரியாமல் இல்லை. ஐபிஎம் ஆய்வாளர்கள் டான் வில்லியம்ஸ், ரிக்கார்டோ கொல்லர் இருவரும் சோலோ5 என்ற அடுக்கை உருவாக்கி மிராஜை அதன்மேல் ஓட்டினார்கள். 2016-இல் அவர்கள் முன்வைத்த கேள்வி நேரானது: யூனிகெர்னலுக்கு வேண்டியது ஒரு நெட்வொர்க், ஒரு வட்டு, ஒரு கடிகாரம் என்றால், அதைத் தாங்கும் மெய்நிகர் இயந்திரம் மட்டும் ஏன் பழைய கணினி முழுவதையும் நடிக்கவேண்டும்? விரல்விட்டு எண்ணக்கூடிய சில அழைப்புகளை மட்டும் புரிந்துகொள்ளும் சின்ன கண்காணிப்பு நிரல் போதும் என்று செய்து காட்டினார்கள். கைமாற்றிய வேலையை வாங்கிக்கொண்டவர் இடத்திலும் கழித்தல் தொடங்கியது.

மொழியைச் சுற்றிக் கட்டிய அமைப்புக்கு இன்னொரு சார்பும் உண்டு: மொழியின் ரன்டைம் மாறினால் இயங்குதளத்தின் அஸ்திவாரம் மாறுகிறது. ஓகாம்லின் ரன்டைமைப் பல பிராசஸர் கோர்களைப் பயன்படுத்தும்படி திருத்தி எழுதிய நெடும்பணி 2022 டிசம்பரில் ஓகாம்ல் 5 ஆக வெளிவந்தது. அதை முன்நின்று நடத்தியவர்களில் ஒருவர் சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியர் கே.சி. சிவராமகிருஷ்ணன். அந்த மாற்றத்தை மிராஜ் தனக்குக் கீழே வாங்கிப் பொருத்தவேண்டியிருந்தது. ஓபரானில் மொழியும் அமைப்பும் அதே இருவரின் கையில் இருந்ததால் இந்தச் சிக்கல் பிறக்கவே இல்லை. அதே காரணத்தால், தொலைவிலிருந்து ஒருவர் வந்து அதன் அஸ்திவாரத்தை மேம்படுத்தும் வாய்ப்பும் குறைவாகவே இருந்தது.

மிச்சம்

இரண்டில் எதுவும் உலகை ஆளவில்லை. ஓபரான் ஜூரிக் வகுப்பறைகளில் நெடுங்காலம் வாழ்ந்தது. உரையில் உள்ள சொல்லை நடுப்பொத்தானால் இயக்கும் பழக்கத்தை ராப் பைக் தன் ஆக்மி எடிட்டருக்கு எடுத்துக்கொண்டார். அவரோடு சேர்ந்து கோ மொழியை வடிவமைத்த ராபர்ட் கிரீசமர் படித்தது ஜூரிக்கில்; கோவின் தோற்றத்தில் அந்தச் சாயல் தெரியும். மிராஜ் குழுவினர் தொடங்கிய நிறுவனத்தை 2016-இல் டாக்கர் வாங்கியது. மேக், விண்டோஸ் கணினிகளுக்கான டாக்கரின் நெட்வொர்க் பகுதிக்குள் மிராஜின் டிசிபி நூலகம் போய் உட்கார்ந்தது. பெயரே கேள்விப்படாத ஏராளமானோரின் மடிக்கணினியில் அது ஓடியிருக்கிறது.

மிராஜ் நூலகம் நூலகமாகக் கட்டியதால் அதன் ஒரு துண்டைப் பெயர்த்து வேறிடத்தில் பொருத்த முடிந்தது. ஓபரான் முழுமையாகக் கட்டியதால் அதிலிருந்து துண்டுகள் போகவில்லை, பழக்கங்கள் போயின. ஒன்றைப் பயன்படுத்தலாம், மற்றதைக் கற்றுக்கொள்ளலாம்.

'சிறியது' என்று இரண்டும் சொன்னபோது அளந்த அளவுகோல்கள் வேறு. ஒரு மனிதர் முழுவதையும் படித்து மனதில் வைத்துக்கொள்ள முடியுமா என்று விர்த் அளந்தார். அந்த அளவுக்காக ஒரே நேரத்தில் இரண்டு வேலை, பல பயனர், அந்நியரிடமிருந்து பாதுகாப்பு எல்லாவற்றையும் கைவிடத் தயாராக இருந்தார். வெளியிலிருந்து வரும் ஒருவருக்குப் பிடித்து ஏற எத்தனை விளிம்பு கிடைக்கும் என்று கேம்பிரிட்ஜ்காரர்கள் அளந்தார்கள். அவர்களுக்கு எதையும் கைவிட வசதியில்லை. வாடகைக் கணினிகளின் உலகில் அந்த வேலைகள் எல்லாம் நடந்தே ஆகவேண்டும். ஆகவே யார் செய்வது என்பதை மட்டும் மாற்றினார்கள்.

ஒரு மொழியின் ரன்டைமைச் சுற்றிப் புதிதாக இயங்குதளம் கட்ட ஆசைப்படும் மாணவர் இன்றும் நம்மிடையே உண்டு. அவர் தன் படைப்பு எத்தனை கிலோபைட் என்று பெருமையாகச் சொல்வார், சொல்லட்டும். அதோடு ஒரு தாளில், விட்டுவிட்ட வேலைகளை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே அதை இப்போது யார் செய்கிறார் என்றும் எழுதிப் பார்க்கவேண்டும். 'யாரும் இல்லை, தேவையில்லை' என்று எழுத முடிந்த வரிகளில் ஓபரான் இருக்கிறது. 'கீழே இருப்பவர்' என்று எழுதிய வரிகளில் மிராஜ் இருக்கிறது. அந்த வரிகளுக்கு மட்டும், கீழே இருப்பவரின் பரணில் என்ன கிடக்கிறது என்று ஏறிப் பார்த்துவிட்டு வருவது நல்லது.